சிவப்பு இல்லாத ஹரிக்கேன்: இந்தப் பெயின்ட் சரியா, அம்மப்பா சொல்லுறது சரியா?

வெள்ளவத்தைப் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில லிங்கன் பக்கம் இருக்கிறன். 2015இல ஒரு விமானக் காட்சிக்குப் போன இடத்தில, பேட்டில் ஆஃப் பிரிட்டன் மெமோரியல் ஃப்ளைட்டின்ர (பழைய போர் விமானங்களைப் பறக்க வைச்சிருக்கிற பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு) ஹரிக்கேன் ஒன்றைக் கிட்ட நின்று படம் எடுத்தனான். இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் ஃபைட்டர் அது. மேல கடும்பச்சையும் மண்ணிறமும். பக்கத்தில ஈ.ஜி. – எஸ் எண்டு எழுத்து, வால் பக்கம் எச்.டபிள்யூ. 840 எண்டு இலக்கம். எந்த நாட்டு விமானம் எண்டு காட்டுற வட்டக் குறிதான் எனக்குப் புதுசு. வெளியில கடும்நீலம், உள்ளுக்கு வெளிர்நீலம், அவ்வளவுதான். சிவப்பு துண்டற இல்லை.

போன மாசம் அந்தப் படத்தை அம்மப்பாவுக்குக் காட்டினன். அவருக்கு இப்ப 91 வயசு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலமை ஜப்பான்காரர் கொழும்பில குண்டு போட்டபோது வெள்ளவத்தைக் கடற்கரையில நின்று மேல பார்த்தவர். அப்ப ஒன்பது வயசுப் பெடியன். படத்தைக் கையில வாங்கினவர், கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். "இது எங்கட பிளேன் இல்லை. எங்கடதுக்குச் செட்டைக்குக் கீழ சிவப்பு இருந்தது" எண்டார்.

அவற்ற பிறந்தநாளுக்கு 1/48 அளவில ஒரு ஹரிக்கேன் மாடல் செய்து குடுக்க விருப்பம். விமானத்தை வைச்சிருக்கிறவை பிழையாய் அடிச்சவையோ, இல்லாட்டி அம்மப்பாவுக்கு நினைவு மாறிப்போச்சோ? ஆரும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கோவை ஒட்டுப்பசை:

நண்பரே, வண்ணம் மட்டும் நான் சொல்கிறேன். மேலே டார்க் எர்த், டார்க் கிரீன். பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் வண்ண அட்டையில் 450, 641. அடியில் மீடியம் ஸீ கிரே, அது 637. மூன்றும் மேட், அதாவது பளபளப்பில்லாததாக வேண்டும். 1/48 என்பதால் ஒரு துளி வெள்ளை கலந்து அடியுங்கள், இல்லாவிட்டால் மேஜை மேல் கருத்துத் தெரியும்.

தாத்தா விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எண்பது வருஷத்துக்கு முந்திய ஞாபகம். அவர் பார்த்த சிவப்பு ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டமாக இருக்கலாம். பறக்கும் விமானத்தை வைத்திருப்பவர்கள் ஆவணம் பார்க்காமல் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். படத்தில் உள்ளபடியே செய்யுங்கள்.

தாம்பரம் பெயின்ட் ஷாப்:

தம்பி, உங்க அம்மப்பா சொல்றதும் சரி, நீங்க படம் எடுத்தப்போ அந்த ஹரிக்கேன் மேல இருந்த பெயின்டும் சரி. நடுவுல ரெண்டு வருஷம் இருக்கு, அதுதான் விஷயம். கோவைக்காரர் சொன்ன வண்ண எண்ணெல்லாம் சரி. பெரியவர் ஞாபகத்தை மட்டும் அவ்வளவு லேசா தள்ளிடக் கூடாது.

1942 ஏப்ரல்ல கொழும்பைக் காத்த ஹரிக்கேன்கள்ல ரத்மலானையில நின்னது 30ஆம் ஸ்குவாட்ரன், குதிரைப் பந்தயத் திடலான ரேஸ்கோர்ஸ்ல நின்னது 258. அப்ப ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) விமானத்துக்கு இறக்கைக்கு அடியில நீலம், வெள்ளை, நடுவுல சிவப்பு. உடம்புப் பக்கத்துல அதையே சுத்தி மஞ்சள் வளையம். கீழே நின்ன ஒம்பது வயசுப் பையன் கண்ணுல சிவப்பு பட்டதுல ஆச்சரியமே இல்ல.

சிக்கல் அந்தச் சிவப்புலதான். ஜப்பான்காரன் குறியும் சிவப்பு வட்டம். வானத்துல ஒரு நொடி கண்ணுல பட்டு மறையறப்போ நீலமும் வெள்ளையும் கரைஞ்சுபோய் நடுப் பொட்டு மட்டும் நிக்கும். தன் விமானத்தைத் தானே சுடற ஆபத்து. அமெரிக்கர்கள் 1942 மே மாசமே தங்க விமானக் குறியான நட்சத்திரத்து நடுவுல இருந்த சிவப்புப் பொட்டை எடுத்துட்டாங்க. இந்தியா, பர்மா பக்கம் அந்த வருஷ நடுவுலேர்ந்து சிவப்பு மேல வெள்ளை அடிச்சாங்க. வெள்ளை தூரத்துலேர்ந்தே பளிச்னு காட்டிக் கொடுக்கும். அதனால 1943ல கடும்நீலம், வெளிர்நீலம்னு மாத்தினாங்க, அளவையும் சின்னதாக்கினாங்க. 1944ல இம்பால்ல நம்ம இந்திய விமானப்படையோட 1ஆம் ஸ்குவாட்ரன், அர்ஜன் சிங் தலைமையில, ஹரிக்கேன்ல பறந்ததும் இந்த ரெட்டை நீலத்தோடதான்.

இப்ப நீங்க படம் எடுத்த விமானம். எச்.டபிள்யூ. 840ங்கிறது 34ஆம் ஸ்குவாட்ரன்ல கனடாக்காரர் ஜிம்மி வேலன் ஓட்டின ஹரிக்கேனோட எண். 1944 ஏப்ரல் 18, கோஹிமா சண்டையில அவர் இறந்துட்டார். அதே வேலன் 1942 ஏப்ரல் 5ஆம் தேதி எங்க இருந்தார் தெரியுமா? கொழும்புக்கு மேல. 30ஆம் ஸ்குவாட்ரன்ல பறந்து மூணு ஜப்பான் டைவ் பாம்பரை (செங்குத்தா பாய்ஞ்சு குண்டு போடற விமானம்) வீழ்த்தினதா அவர் கணக்குல பதிவாகி இருக்கு. உங்க அம்மப்பா அன்னிக்கு அண்ணாந்து பார்த்ததுல ஒண்ணு அவரோடதாகூட இருந்திருக்கலாம். ஒரே மனுஷன், முதல்ல சிவப்போட பறந்தார், அப்புறம் சிவப்பு இல்லாம பறந்தார்.

அந்தப் பெயின்டுக்குக் கீழே இருந்த உலோகம் பர்மாவுக்குப் போனதே இல்ல. அதோட சொந்த எண் பி.இஸட். 865. 1944ல ஃபேக்டரியிலேர்ந்து வந்த கடைசி ஹரிக்கேன் அது. 2012ல வேலனோட நிறத்தை அதுக்குக் கொடுத்தாங்க. இதை நான் குறையா சொல்லல. போன ஆளை நினைக்க ஒரு உடம்பு வேணும், அது உடம்பு கொடுத்திருக்கு. நம்ம விமானப்படை வின்டேஜ் டகோட்டாவும் (பழைய போக்குவரத்து விமானம்) அப்படித்தான். அது மேல இருக்கிற வி.பி. 905, 1947 அக்டோபர் 27ல ஸ்ரீநகர்ல சீக்கிய ரெஜிமென்ட்டை இறக்கின டகோட்டாவோட எண்.

ஆனா பெயின்ட் "அசல்"னு யாராவது சொன்னா நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எந்த விமானம், எந்தத் தேதி? தேதி இல்லாத அசல் கிடையாது.

இதை நான் கத்துக்கிட்ட விதம் இன்னும் உறுத்துது. 1981ல நம்ம விமானப்படையில ஒரு யூனிட்ல, பேர் வேண்டாம், பழைய டகோட்டா ஒண்ணைக் காட்சிக்கு வைக்கச் சொன்னாங்க. பழைய பெயின்ட் மொத்தமும் போகணும்னு உத்தரவு. பெயின்ட்டைக் கரைக்கிற ஸ்ட்ரிப்பர் தடவி, சுருங்கி எழும்பினதை ஸ்க்ரேப்பரால வழிச்சேன். மூவர்ண வட்டம் போச்சு. அடியில வெள்ளைத் தட்டு, அதுல நீலச் சக்கரத்தோட ஆரங்கள். 1950க்கு முன்னால நம்ம குறி அது. அதுவும் வழிஞ்சப்போ உள்ளங்கை அளவுக்கு வெளிர்நீலம், ஓரத்துல கடும்நீலம். என்னன்னு எனக்குத் தெரியாது. துணியால துடைச்சேன், அலுமினியம் வந்துடுச்சு. ஒரு நிமிஷம்கூட இல்ல. பர்மா போர்க்காலக் குறிய என் கையாலயே அழிச்சேன்னு புரிய ஆறு வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் எந்தப் பழைய தகடு வந்தாலும் ஸ்ட்ரிப்பரைத் தொடறதுக்கு முன்னால எட்டணா அளவுக்கு ஒரு இடம் எடுத்துக்குவேன். 400 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்துல தேய்க்கிற உப்புத்தாள்), அப்புறம் 600, அப்புறம் 1000. தண்ணி விட்டு விரல் நுனியால வட்டமா தேய்க்கணும், நடுவுல ஆழமா, ஓரத்துல மேலோட்டமா. கொஞ்ச நேரத்துல மரத்தை வெட்டினா தெரியற வளையம் மாதிரி ஒவ்வொரு கோட்டும் வரிசையா தெரியும். நடுவுல உலோகம், அடுத்து பிரைமர், அடுத்து முதல் நிறம், கடைசியா போன தடவை அடிச்சது. ஈரமா இருக்கிறப்பவே படம் எடுத்துடணும். காஞ்சா மங்கிடும்.

சாங்கி லைன் மெயின்டனன்ஸ்:

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. நான் இன்று பறக்கும் விமானங்களில் வேலை செய்கிறவள், அதனால் ஒன்று சேர்க்கிறேன். பறக்கிற பழைய விமானங்களில் அடிப்பது பெரும்பாலும் இரண்டு பாக பாலியூரிதேன். போர்க்கால ஹரிக்கேனில் அது கிடையாது. "பளபளப்பு, பொய்" என்று சிலர் எழுதுகிறார்கள். எண்ணெய், மழை, அரிப்பு எல்லாவற்றையும் தாங்கி இன்னும் முப்பது வருடம் பறக்க வேண்டிய உலோகம் அது. மேட் பெயின்டில் எண்ணெய் ஊறினால் போகவே போகாது.

இன்னொன்று. போர்க்கால ஃபைட்டர் சுண்ணாம்புச் சுவர் போல இருந்தது என்பதும் சரியில்லை. வேகம் குறையும் என்று பிரிட்டிஷ்காரர்களே சொரசொரப்பான பூச்சை விட்டு வழவழப்பான வகைக்கு மாறினார்கள். அதற்கு டைப் எஸ் என்று பெயர்.

தாம்பரம் பெயின்ட் ஷாப்:

நீங்க சொல்றது நியாயம்மா. பறக்கிறதுக்குப் பாலியூரிதேன் அடிக்கட்டும், எனக்கு வருத்தமே இல்ல. நிறமும் குறியும் தேதியோட ஒத்துப்போனா போதும்.

என் வருத்தம் வேற. நார்மண்டி தரையிறக்கத்துக்கு 1944 ஜூன் ஆரம்பத்துல கறுப்பு வெள்ளைப் பட்டை அடிச்சாங்க இல்லையா, ஒத்தை எஞ்சின் விமானத்துக்கு ஒரு பட்டை 18 அங்குலம். ரகசியம் கசியக் கூடாதுன்னு உத்தரவே கடைசி நேரத்துலதான் வந்துச்சு. கையில கிடைச்ச பிரஷ்ஷால ஆளாளுக்கு அடிச்சாங்க. அன்னிக்குப் படங்களைப் பாருங்க, கோடு ஆடும், வெள்ளையில பிரஷ் தடம் தெரியும். இன்னிக்கு அதே பட்டையை டேப் ஒட்டி ஸ்ப்ரே அடிச்சு கத்தியால வெட்டின மாதிரி நிறுத்தறாங்க. அந்த அவசரம் காணாமப் போயிடுது. ராத்திரி முழுக்கத் தூங்காம அடிச்சவன் கை அதுல தெரியணும்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கை. 1942 கறுப்பு வெள்ளைப் படம் எதையாவது பார்த்து நிறத்தை முடிவு பண்ணாதீங்க. அந்தக் கால ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம்ல (சிவப்பு வெளிச்சம் பதியாத ஃபிலிம்) சிவப்பும் மஞ்சளும் கறுப்பா விழும், நீலம் வெளுத்து விழும். மஞ்சள் வளையம் இல்லவே இல்லைன்னு தோணும். அது அங்கேயே இருக்கும்.

கோவை ஒட்டுப்பசை:

ஐயா, தாத்தா விஷயத்தில் நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மன்னிக்கவும். நண்பரே, 1942 குறிகளுக்கான டெக்கல் (ஒட்டும் படம்) தனியாக வாங்க வேண்டியதில்லை. வட்டம் வெட்டும் காம்பஸும் மாஸ்க்கிங் டேப்பும் இருந்தால் கையாலேயே அடித்துவிடலாம். முதலில் வெள்ளை, அதன் மேல் நீலம், கடைசியில் சிவப்பு.

வெள்ளவத்தைப் பேரன்:

ஐயா, நீங்கள் எழுதினதை நேற்று ராத்திரி அம்மப்பாவுக்கு ஃபோனில முழுக்க வாசிச்சுக் காட்டினன். வேலனைப் பற்றி வாசிச்ச இடத்தில "நிப்பாட்டு, திரும்ப வாசி" எண்டார். இரண்டு தரம் வாசிச்சன். கன நேரம் பேசேல்லை. பிறகு "அவன் எத்தினை வயசு?" எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது எண்டு சொன்னன்.

இரண்டு ஹரிக்கேன் செய்யப்போறன். ஒன்று 1942, மற்றது ஈ.ஜி. – எஸ். அம்மப்பாட்ட கடைசியாய்ப் பக்கத்தில மஞ்சள் வளையம் கண்டனீங்களோ எண்டு கேட்டன்.

"நான் கீழ நிண்டனான். பக்கம் எனக்கு எப்பிடித் தெரியும்? செட்டைக்குக் கீழ பார்த்ததைத்தான் சொன்னனான்" எண்டார்.