புதுப்பிப்பு: அணைந்து அணைந்து எரிந்த பேனல் மானிட்டர்

எங்கள் கோயம்புத்தூர் பட்டறையில் கன்ட்ரோல் பேனலில் உள்ள 24 வோல்ட் டிசி மானிட்டர், சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது) இழுக்கும்போதெல்லாம் அணைந்து எரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, பிடித்துவிட்டேன். மானிட்டர்மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது. அந்த வால்வுகளுக்கான எஸ்எம்பிஎஸ்ஸிலேயே (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை) மானிட்டருக்கும் லைன் எடுத்திருந்தேன். நீங்கள் சொன்னபடி மீட்டரை மினிமம் பதிவில் (மிகக் குறைந்த வோல்டேஜைப் பிடித்து வைப்பது) வைத்துப் பார்த்தால், 24 இருக்க வேண்டிய இடத்தில் 17 வோல்ட்!

இப்போது தனி எஸ்எம்பிஎஸ், மானுவலில் சொன்ன 2 ஆம்பியர் ஃபியூஸ். மானிட்டரின் எர்த் ஸ்க்ரூவோ ஒயரே இல்லாமல் வெறுமனே கிடந்தது (வயரிங் செய்த புண்ணியவானும் நான்தான்). மெயினை அணைத்துப் பூட்டி, மீட்டரில் சைபர் பார்த்த பிறகே பச்சை-மஞ்சள் ஒயரை பேனல் எர்த் பாருக்கு இழுத்தேன். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளை ஒட்டிப்போன மானிட்டர் ஒயரையும், அதன் மின் இரைச்சல் ஏறாமல் இருக்க, தள்ளி வைத்தாயிற்று.

மூன்று நாளாகச் சிமிட்டல் இல்லை. மானிட்டரின் பின்பக்கம் காற்றோட்டத்துக்கு இடம் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.