வெள்ளியங்கிரி: முதல்முறை ஏறுபவர்களுக்கு?

பங்குனியில் நாலு பேர் கோவை பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறப்போகிறோம். அடிவாரத்துப் பூண்டியிலிருந்து எப்போது கிளம்பலாம்? என்ன எடுக்கணும்?

பதில் 1:
ராத்திரி 9, 10 மணிக்குத் தொடங்குங்க, வெயில் தப்பும். முதல் மலை செங்குத்துப் படிக்கட்டு. அங்கே வேகம் காட்டினா மேலே கால் பிடிச்சுக்கும். அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிடுங்க.

பதில் 2:
தடி இறங்கும்போதுதான் ரொம்ப முக்கியம், எடை முழுக்க முட்டியில் விழும். டார்ச், கம்பளி, 1 லிட்டர் தண்ணி எடுத்துக்கோங்க. வழியில் சுனைகள் உண்டு. ஏழாவது மலைக் காற்றில் வியர்த்த சட்டையோடு உட்கார்ந்தா நடுக்கம் வந்துடும், மாற்றுச் சட்டை கட்டாயம். பிளாஸ்டிக் வேண்டாம், வனத்துறை சோதிப்பாங்க.

பதில் 3:
இதய நோய், ஆஸ்துமா இருக்கிறவங்க தயவுசெய்து ஏறாதீங்க. நெஞ்சு அடைச்சா அங்கிருந்து தூக்கித்தான் இறக்கணும்.