உரித்தால் கிழியாத மூடி பிலிம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். காசிமேட்டில் விடிகாலையில் எடுக்கும் வஞ்சிரத்தைத் துண்டு போட்டு, பிபி (பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்) தட்டில் அடைத்து பெரம்பூர் பக்கம் வீடுகளுக்குக் கொடுக்கிறோம். மீன் சீக்கிரம் கெடாமலிருக்க, தட்டில் காற்றுக்குப் பதில் கரியமில வாயு கலந்த வாயு ஏற்றி மூடும் சின்ன சீலர் மிஷின் வாங்கியாச்சு. மூடுகிற பிலிம்தான் உயிரை எடுக்கிறது. சூட்டைக் கூட்டினால் தட்டோடு உருகி ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது நார் நாராகக் கிழிகிறது. குறைத்தால் மூலையில் மீன் தண்ணீர் கசிகிறது; அப்புறம் உள்ளே வாயு எப்படி நிற்கும்?

கரியமில வாயு மீன் சதையில் கரைந்து மூடி லேசாகக் குழிவது வேறு விஷயம், அது தெரியும். காற்றில்லாத பாக்கெட்டில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் போட்டுலினம் கிருமிக்குப் பயந்து ஐஸிலேயேதான் வைக்கிறோம்.

பிபி தட்டுக்கென்றே வரும் உரியும் வகை பிலிம், வாயு புகாத அடுக்கு உள்ளது, பாரிமுனைப் பக்கம் ஒரே ஒரு ரோலாக யாராவது தருவார்களா? கேட்ட இடத்தில் 100 கிலோ எடு என்கிறார்கள். அதை வைக்க வீட்டில் இடம் ஏது! சீல் சூடு எவ்வளவு வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.