கன்னத்தில் வைத்த பச்சைத் தீற்றல் கன்றிய காயம்போலத் தெரிகிறது

கேள்வி:
வணக்கம். சன்னலோரம் அமர்ந்திருக்கும் என் பாட்டியின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வருகிறேன். நிறங்களைக் குழைத்து ஒன்றாக்காமல் தனித்தனித் தீற்றல்களாக அருகருகே வைக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், அவரது மாநிறக் கன்னத்தின் நிழற்பகுதியில் பச்சையும் ஊதாவும் வைத்தேன். பத்தடி விலகிப் பார்த்தால் அடிபட்டுக் கன்றியதுபோல் இருக்கிறது. வெள்ளை சேர்த்துத் திருத்தப்போய் முகமே சாம்பல் பூத்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1:
படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பச்சைத் தீற்றல் அப்போதும் தனியே தெரிந்தால், அது சுற்றியுள்ள பழுப்பைவிட வெளுத்தோ கறுத்தோ இருக்கிறது என்று பொருள். அருகருகே வைக்கும் நிறங்கள் எவ்வளவு வேறுபட்டாலும், அவற்றின் கருமை ஒரே அளவில் இருந்தால்தான் தொலைவிலிருந்து பார்க்கும் கண் அவற்றை ஒரே தோலாகச் சேர்த்துக்கொள்ளும். டைட்டானியம் வெள்ளை, தான் கலக்கும் நிறத்தை நீலச்சாயலாகக் குளிர்வித்துச் சுண்ணாம்புபோல் ஆக்கிவிடும். மாநிறத்தை வெளுக்க யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளும் சிறிது ஆரஞ்சும் சேருங்கள். வெள்ளையை, சன்னல் வானம் இளநீலமாக மின்னும் நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மனம் தளர வேண்டாம். 1876-இல் பாரிஸில், உங்களைப்போல் நிறங்களைத் தனித்தனித் தீற்றல்களாக வைத்த இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் நடத்திய இரண்டாம் கண்காட்சியில் அவர்களுள் ஒருவரான ரெனுவார் வைத்த, மரத்தடி வெயிலில் இருக்கும் பெண்ணின் படத்தைப் பார்த்த ஆல்பர்ட் வோல்ஃப் என்ற விமர்சகர், பச்சையும் ஊதாவும் படர்ந்த அழுகும் சதை என்று எழுதினார். அந்தப் படம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே பச்சைக்குக் காரணம் உண்டு. இலைகளின் ஊடே வந்த ஒளி அது. உங்கள் பாட்டியின் கன்னத்துக்குப் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதை அவரை மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பாட்டி கட்டியிருந்தது கிளிப்பச்சைப் புடவை. அதன் ஒளி தாடையின் அடிப்பகுதியில் மட்டுமே ஏறியிருந்தது, கன்னத்தில் இல்லை. கன்னத்துப் பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த பழுப்பின் அதே கருமைக்குப் பச்சையை இறக்கி, தாடைக்குக் கீழே மூன்றே தீற்றல்கள் வைத்தேன். விலகிப் பார்த்தபோது தாடை திரண்டு முன்னே வந்தது. ஊதாவை அப்படியே விட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் அது தனியே தெரியவில்லை.