புதுப்பிப்பு: ஏர்பேக் ரீகால் – சேலம், ஏற்காடு பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

டகாட்டா கம்பெனியின் இன்ஃப்ளேட்டர் (மோதலில் ஏர்பேக்கை ஊதவைக்கும் உலோகக் குப்பி) வெடிக்கும் ஆபத்து இருப்பதால் ரீகால், அதாவது கார் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்து அதை மாற்றித் தருவது, பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதற்குக் கீழே பலரும் கேட்டது: "டேஷ்போர்டில் எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் எச்சரிக்கை) விளக்கு எரியலையே, அப்போ பிரச்சினை இல்லைதானே?" அப்படி இல்லைங்க. அந்த விளக்கு வயரிங், சென்சார் கோளாறைத்தான் காட்டும். இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற எரிமருந்து கெட்டுப்போனதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஈரப்பதமும் மாறி மாறி வரும் சூடும் குளிரும் பல வருடத்தில் அந்த மருந்தைச் சிதைக்கும். பிறகு மோதலில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் குப்பியே வெடித்துச் சில்லு சில்லாக முகத்தில் பாயும். "ஏற்காடு குளிர்ச்சிதானே" என்று விட்டுவிடாதீர்கள். மலையில் பனிமூட்டம், கீழே சேலத்து வெயில். மருந்துக்கு ரெண்டுமே ஆகாது.

ஆர்சி புத்தகத்தில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணை கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போடுங்கள். ஐ, ஓ, க்யூ எழுத்துகள் அதில் வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்ஜியம். ரீகால் வண்டிக்கு உரியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் இலவசம்தான்.

எனக்குப் பெரிய கவலை வேறு: விபத்துக்குப் பின் பழைய இரும்புக் கடை ஸ்டீயரிங் மாட்டிய வண்டிகள். அதில் ரீகால் ஆன இன்ஃப்ளேட்டர் இருந்தாலும் சேசிஸ் எண் காட்டிக்கொடுக்காது. சர்வீஸ் சென்டரில் கழற்றி, இன்ஃப்ளேட்டர் லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே கழற்ற வேண்டாம். பயணி பக்க ஏர்பேக் ரீகாலில் இருந்தால், மாற்றும்வரை முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.