2-இன் அடுக்கு 67, கழித்தல் 1: பகா எண்ணா, இல்லையா? ஒவ்வொரு முறையிலும் ஒரு விடை

மயிலை கணித மன்றம்:
டிசம்பர் 22 கணித நாளுக்குப் பள்ளியில் ஒரு பலகை வைக்கிறோம். எடுத்த எண் 2^67 − 1. எக்செலில் 147573952589676000000 என்று வருது. இலக்கக் கூட்டல் 84, அதனால் 3-ஆல் வகுபடணும். கடைசியில் பூஜ்ஜியம், அதனால் இரட்டை எண். ஆனா பைதான் நிரல்மொழியில் ஃபெர்மா சோதனை (அடி 2; அதாவது 2-ஐ 'எண் − 1' அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுக்கிறது, பகா எண்ணா இருந்தா மீதி 1 வரணும்) போட்டா மீதி 1, பகா எண் மாதிரி காட்டுது. எதை நம்புறது?

தரமணி நிரலர்:
ரெண்டையும் நம்பாதீங்க. எக்செல் 15 இலக்கம்தான் வச்சுக்கும், மிச்சத்துக்குப் பூஜ்ஜியம் போட்டுடும். உங்க எண்ணுக்கு 21 இலக்கம்: 147573952589676412927. இலக்கக் கூட்டல் 109, 3-ஆல் வகுபடாது. செல்லில் இருந்து காப்பி பண்ணாம, பைதானிலேயே 2**67 - 1 என்று எழுதுங்க. 2.0 என்று புள்ளி வச்சா அங்கேயும் கெடும். அந்த அளவில் தசம எண்கள் 16384 இடைவெளியில்தான் இருக்கு, கழிச்ச 1 காணாமப் போயிடும்.

எண்ணாயிரம்:
ஃபெர்மா சோதனை ஏமாத்துறதுக்குக் காரணம் வேற. எண்ணை ம என்போம். 67 பகா எண், அதனால் 2^67 − 2, அதாவது ம − 1, 67-ஆல் வகுபடும். 2^67-ஐ ம-ஆல் வகுத்தா மீதி 1. அப்போ 2^(ம−1)-க்கும் மீதி 1 வந்தே தீரும், ம பகு எண்ணா இருந்தாலும். இந்த வகை எண்ணுக்கு அடி 2 வச்சு சோதிக்கிறது வீண் வேலை. அடி 3 போடுங்க. மீதி 1 வரலைன்னா பகு எண், சந்தேகமே வேண்டாம்.

மயிலை கணித மன்றம்:
அடி 3-இல் 1 வரலை. காரணியைப் பலகையில் எழுதணுமே? 3, 5, 7 என்று வகுத்துக்கிட்டே போறோம், முடியற வழியில்லை.

எண்ணாயிரம்:
வர்க்கமூலமே 1,214 கோடிக்கு மேல், அப்படிப் போனா எப்படி முடியும்? காரணி எதுவானாலும் 134 × க + 1 வடிவில்தான் இருக்கும் (134 = 2 × 67). அதோட 8-ஆல் வகுத்தா மீதி 1 அல்லது 7. அதனால் க-வை 4-ஆல் வகுத்து மீதி 0 அல்லது 1 வர்றதை மட்டும் பாருங்க, பாதி வேலை மிச்சம். இப்படிக் கிடைக்கிற ஒவ்வொரு வேட்பாளர் எண்ணுக்கும் பைதானில் pow(2, 67, வேட்பாளர்), அதாவது 2^67-ஐ அந்த எண்ணால் வகுத்த மீதி, 1-ஆ என்று பார்த்தா போதும். பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம்.

மயிலை கணித மன்றம்:
க = 1445580-இல் நின்னுது சார். 193707721.

தரமணி நிரலர்:
சரிதான். இன்னொண்ணு 761838257287. வகுக்கும்போது ஒற்றைக் கோடு போடாதீங்க, // போடுங்க. ஒற்றைக் கோடு தசமமாக்கிடும். பலகைக்கு: 1644-இல் கணிதர் மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார், 1876-இல் கணிதர் லூகாஸ் பகு எண் என்று காட்டினார், ஆனா காரணி அவர் கையில் இல்லை. 1903-இல் கணிதர் கோல்தான் இந்த இரண்டையும் பெருக்கிக் காட்டினார். பெருக்கலை மாணவர்களையே கையால் போடச் சொல்லுங்க, எக்செலில் வேண்டாம்!