'எச்ச ஆல்கஹால்' வேணாம், 'தங்கு மதுசாரம்'னு வைக்கலாம்

'மதுவற்ற'ன்னு விக்கற பீர்ல கொஞ்சமா இருக்கற ஆல்கஹாலுக்கு (residual alcohol) டின்ல போட 'எச்ச ஆல்கஹால்'ங்கற சொல்லு எனக்கு ஒத்து வரலைங்க. எங்க காட்பாடி பக்கம் எச்சம்னா காக்கா போட்டதுதான், குடிக்கிற டின் மேல அத அச்சடிக்கவே கூடாது. 'எஞ்சிய' நல்ல சொல்லுதான், ஆனா நிறைய இருந்து எடுத்தது போக மீதின்னு ஆயிடுது. சில கம்பெனில பீர முழுசா புளிக்க வச்சு அப்புறம் காத்தழுத்தத்த குறைச்சு கம்மி சூட்டுலயே ஆல்கஹால ஆவியா எடுக்கறாங்க (சாதாரணமா அது கொதிக்க 78 டிகிரி வேணும், அவ்ளோ சூடு காட்டினா ருசி போயிடும்), அதுக்கு 'எஞ்சிய' சரி. இன்னும் சில பேரு புளிப்ப பாதிலயே நிறுத்திடறாங்க, அங்க எதையும் எடுக்கவே இல்லையே, எங்க எஞ்சும்?

எப்படி வந்திருந்தாலும் உள்ள தங்கி இருக்கறத சொல்ற மாதிரி 'தங்கு மதுசாரம்'. மதுசாரம் இலங்கைத் தமிழ்ல ஏற்கெனவே புழங்குது. சாராயம்னு போட்டா நம்மாளுங்களுக்கு பாக்கெட் சாராயம்தான் கண்ணுல நிக்கும்.

'மதுவற்ற'ங்கறதுதான் எனக்கு பெரிய உறுத்தல். 2018 உணவுப் பாதுகாப்பு விதிப்படி கன அளவுல 0.5 சதவீதத்துக்கு மேல இருந்தாதான் மதுபானம். அதுக்கு கீழ இருந்தா மதுபானம் இல்ல, சரி, ஆனா 'அற்ற'ன்னா துளி கூட இல்லைன்னுதானே அர்த்தம்? 330 மில்லி டின்ல 0.5ன்னா 1.65 மில்லி. குடியாத்தத்துல எங்க சித்தப்பா குடிய விட்டு மாத்திரை சாப்பிடறாரு, துளி ஆல்கஹால் பட்டாலும் ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பினது. ஒரு கல்யாணத்துல 'இதுல ஒண்ணும் இல்ல மாமா'ன்னு டின்ன கைல குடுத்துட்டாங்க, நான் கண்ணாடி போட்டுப் படிச்சப்புறம்தான் பின்னாடி பொடி எழுத்துல 0.5 தெரிஞ்சுது. அமெரிக்காவுல அறவே இல்லாததுக்குத்தான் ஆல்கஹால் இல்லாததுன்னு போடலாம், மத்ததுல 0.5க்கு கீழ இருக்குன்னு எழுதியே ஆகணும்.

நம்ம பனைலயே பாருங்க, கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவலன்னா கள். ஒரே பாளைல சொட்டுறதுதான், ஆனாலும் தனித்தனி பேரு. சுண்ணாம்பு பத்தலன்னா வெயிலேற ஏற லேசா நுரைக்கும், எங்க தாத்தா மோந்து பாத்துட்டுதான் பசங்களுக்கு பட்டைல ஊத்துவாரு.

அதனால 0.0க்கு மட்டும் 'மதுவற்ற', அதுக்கு மேல 0.5 வரைக்கும் 'குறைமது பீர்', பேருக்குக் கீழயே அதே அளவு எழுத்துல 'தங்கு மதுசாரம் 0.5%க்குள்'. 'கன அளவில்'ங்கறத சுருக்க யாராச்சும் நல்லதா ஒண்ணு சொல்லுங்க.